விண்மீனின் முகத்தில் ஒரு கரும்புள்ளி: அந்த வரைபடம் எங்கிருந்து வருகிறது?

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மாலை. மொட்டை மாடிச் சுவரில் எண்ணெய் காய்ந்துபோன அகல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா மகள் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோளம். அதன் உச்சியில் தொப்பி கவிழ்த்ததுபோல் கறுப்பாக ஒரு திட்டு. தொலைதூர விண்மீன் ஒன்றின் மேற்பரப்பு என்று கீழே ஒரு வரி.

"மாமா, இது புகைப்படமா?"

"இல்லை."

"அப்படியானால் கற்பனைப் படமா?"

"அதுவும் இல்லை."

அந்த இரண்டாவது 'இல்லை'யை அவளுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதவேண்டிய தேவையும் இருக்கிறது. 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியபோது, 'வெடிக்கப் போகிறது' என்று ஒரு கூட்டமும், 'கரும்புள்ளி வந்துவிட்டது' என்று இன்னொரு கூட்டமும் பேசித் தீர்த்தன. விண்மீனின் மேற்பரப்பில் ஒரு குளிர்ந்த திட்டும், அதன் அருகே திரண்ட தூசும் சேர்ந்து மறைத்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒளி குறைந்தது என்பது ஒரு செய்தி. எதனால் குறைந்தது என்பது வேறு செய்தி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கரும்புள்ளி கறுப்பாக இருப்பதில்லை

நம் சூரியனிலிருந்து தொடங்குவோம். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதில் தோன்றும் கரும்புள்ளியின் நடுப்பகுதி 3,500 டிகிரி அளவில் இருக்கும். உருக்கு ஆலையின் உலையைவிட இது எவ்வளவோ அதிகச் சூடு. அந்தப் புள்ளியை மட்டும் வெட்டி எடுத்து இரவு வானில் தொங்கவிட்டால் முழுநிலவைவிடப் பிரகாசமாக இருக்கும். சுற்றியுள்ள பகுதி அதைவிடப் பலமடங்கு ஒளிர்வதால் இது இருட்டாகத் தெரிகிறது. உச்சி வெயிலில் எரிகிற தெருவிளக்கை நாம் கவனிக்கிறோமா, அதைப்போல.

அந்த இடம் மட்டும் ஏன் குளிர்கிறது? சோற்றுக்கு வைத்த உலைநீர் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சூடான நீர் மேலே வந்து, பக்கவாட்டில் புரண்டு, ஆறி, ஓரமாகக் கீழே இறங்குகிறது. சூரியனின் மேலடுக்கிலும் வாயு இப்படித்தான் புரண்டு புரண்டு உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுவருகிறது. இதற்கு வெப்பச்சலனம் என்று பெயர்.

இப்போது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகரை நினைத்துக்கொள்ளுங்கள். ரங்கநாதன் தெரு வாசலில் சவுக்குக் கட்டைகளை நீளவாக்கில் கட்டிவிட்டால் கூட்டம் கட்டைகளுக்கு இடையே நேராக நகரலாம். பக்கவாட்டில் புரள முடியாது. விண்மீனில் சவுக்குக் கட்டையின் வேலையைச் செய்வது காந்தப்புலம். விண்மீனின் வாயு மின்னேற்றம் பெற்ற வாயு. காந்தப்புலக் கோடுகளின் வழியே ஓடும், குறுக்கே கடக்காது. எங்கே காந்தப்புலம் கட்டுக்கட்டாகத் திரள்கிறதோ அங்கே வெப்பச்சலனம் தடைபடுகிறது, கீழேயிருந்து வெப்பம் வருவது குறைகிறது, அந்த இடம் ஆறி மங்குகிறது. சூரியனில் இருந்தால் சூரியக் கரும்புள்ளி. மற்ற விண்மீன்களில் இருந்தால் விண்மீன்புள்ளி.

ஓட்டையும் கிடையாது, கரியும் கிடையாது, முன்னால் குறுக்கிட்ட கோளும் கிடையாது. கொதி அடங்கிய ஓர் இடம், அவ்வளவுதான்.

ஏன் இரட்டை விண்மீன்களைத் தேடிப் போகிறார்கள்?

சூரியப் புள்ளிகள் சிறியவை. இதுவரை பதிவானவற்றுள் மிகப்பெரிய கூட்டம் 1947 ஏப்ரலில் தோன்றியது. அதுகூட நம்மை நோக்கிய சூரிய அரைக்கோளப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கை மறைக்கவில்லை. அப்படிப்பட்ட புள்ளியை இன்னொரு விண்மீனில் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஆனால் சில விண்மீன்களில் புள்ளிகள் முகத்தில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று படர்ந்து கிடக்கின்றன. இவற்றில் பல இரட்டையாக இருப்பவை. இரட்டை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது திருமணத்தன்று மணமக்களுக்குக் காட்டுகிற அருந்ததியும் வசிட்டரும்தான். அவை வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு விலகி இருப்பவை. இங்கே பேசுவது நெருங்கிய இரட்டைகளைப் பற்றி. சில நாட்களுக்குள் ஒன்றையொன்று சுற்றி முடித்துவிடும். எந்தத் தனித் தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரே ஒளிப்பொட்டாகத்தான் தெரியும்.

நெருக்கத்தால் என்ன ஆகிறது? நிலவின் ஈர்ப்பால் மெரினாவில் கடல் ஏறி இறங்குவதுபோல, இரண்டு விண்மீன்களும் ஒன்றின் உடலை மற்றொன்று இழுத்து உப்பவைக்கின்றன. இந்த இழுபறி நெடுங்காலம் நடந்தபின், ஒவ்வொன்றும் தன்னைத்தானே சுற்றும் காலமும் துணையைச் சுற்றும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. நிலவு நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதும் இதே காரணத்தால்தான்.

இதில்தான் புள்ளிகளின் ரகசியம் இருக்கிறது. தனியாக இருக்கும் சூரியன் போன்ற விண்மீன் வயதாக ஆகச் சுழற்சியை இழக்கிறது. நம் சூரியனின் நடுக்கோடு ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. நெருங்கிய இரட்டையில் இருப்பது அப்படி ஓய்ந்துபோக முடியாது. துணை அதை இழுத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும். வேகமான சுழற்சியும் ஆழமான வெப்பச்சலனமும் ஒன்று சேர்ந்தால் காந்தப்புலம் வலுவாக உருவாகிறது. காந்தப்புலம் வலுத்தால் புள்ளிகள் பெருகுகின்றன. இப்படிப்பட்டவற்றைத்தான் செயலூக்கமுள்ள இரட்டை விண்மீன்கள் என்கிறார்கள். இவற்றில் முக்கியமான ஒரு குடும்பத்துக்கு 1976இல் டக்ளஸ் ஹால் வரையறை தந்தார். 'ஆர்.எஸ். கேனம் வெனாட்டிகோரம்' என்ற விண்மீனின் பெயரே அந்தக் குடும்பத்தின் பெயராகவும் ஆனது.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஓர் இரட்டை விண்மீனை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: எச்.ஆர். 1099. இடப ராசி விண்மீன் கூட்டத்தில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 97 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சுற்றும் காலம் 2.84 நாட்கள். இரண்டில் பெரியதும் குளிர்ந்ததுமான விண்மீன்தான் புள்ளிக்காரன். விட்டம் சூரியனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. வான நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் சென்னையிலிருந்து பார்த்தால் தலைக்கு மேலே 77 டிகிரி உயரம்வரை ஏறும். நகர வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில், மழை விட்ட வானத்தில், நல்ல இருகண் நோக்கி இருந்தால் பிடித்துவிடலாம்.

சுருக்கமாக: நெருக்கம் சுழற்சியைத் தருகிறது, சுழற்சி காந்தப்புலத்தைத் தருகிறது, காந்தப்புலம் புள்ளியைத் தருகிறது.

நேராகப் படம் எடுத்தால் என்ன?

எச்.ஆர். 1099இன் அந்தப் பெரிய விண்மீன் நம் வானில் எவ்வளவு அகலம்? சென்னையில் நின்றுகொண்டு ஹாங்காங்கில் யாரோ பிடித்திருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்ப்பதுபோல. நாணயம் தெரிந்தால் மட்டும் போதாது, அதில் ஒட்டியிருக்கும் அழுக்கு எந்த ஓரத்தில் இருக்கிறது என்றும் சொல்லவேண்டும்.

கண்ணாடி 10 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிகளும் உலகில் உண்டு. ஒளியின் அலைத்தன்மை அவற்றுக்கும் ஓர் எல்லை வைக்கிறது. அந்த எல்லையே இந்த விண்மீனின் அகலத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. எனவே எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு பொட்டுதான். அந்தப் பொட்டிலிருந்து வரும் ஒளியைக் கேள்வி கேட்டுத்தான் முகத்தை வரைய வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எவ்வளவு ஒளி? என்ன நிறத்தில்?

முதல் கேள்வி: எவ்வளவு ஒளி?

வீட்டில் வெள்ளைக் காகிதத்தில் செய்த உருண்டை விளக்குக்கூடு ஒன்று இருந்தது. உள்ளே சின்ன எல்.இ.டி. விளக்கு. அக்கா மகள் கறுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி அதன் பக்கவாட்டில் ஒட்டினாள். துணி காயவைக்கும் கொடியில் நூல்கட்டித் தொங்கவிட்டு, நூலை முறுக்கி விட்டாள். நான் மாடியின் மறுகோடிக்குப் போய் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். எனக்குத் தூரப்பார்வை மோசம். உருண்டை கரைந்து வெறும் ஒளிப்பிசிறாகிவிட்டது. புள்ளி தெரியவில்லை, ஆனால் விளக்கு மங்கி, தெளிந்து, மங்கி, தெளிந்து கொண்டிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு முறை மங்கும்போதும் "இப்போது" என்று கத்தினேன். "சரி, சரி" என்று அவள் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

விண்மீனுக்கும் இதையேதான் செய்கிறார்கள். இரவுக்கு இரவு ஒளியின் அளவைக் குறித்து, நேரத்துக்கு எதிராகப் படம் போட்டால் கிடைப்பது ஒளிவளைவு. புள்ளி நம் பக்கம் திரும்பும்போது வளைவு இறங்கும். மறுபக்கம் போகும்போது ஏறும்.

இந்த எண்ணத்துக்கு வயது இருநூறுக்கு மேல். இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற காதுகேளாத இளைஞர், 'அல்கோல்' விண்மீன் மூன்று நாட்களுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் தவறாமல் மங்கி மீள்வதை 1783இல் அறிவித்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. பெரிய உடல் ஒன்று அதைச் சுற்றிவந்து மறைக்கலாம்; அல்லது விண்மீனின் ஒரு பக்கத்தில் கரும்புள்ளிகள் இருந்து அந்தப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பலாம். இப்படி இரண்டு விளக்கங்களை அவர் முன்வைத்தார். அல்கோலைப் பொறுத்தவரை முதல் விளக்கமே சரி என்று 1889இல் உறுதியானது. மறைப்பைச் செய்யும் அந்தக் குளிர்ந்த துணை விண்மீனே காந்தச் செயலூக்கம் மிகுந்தது என்று பின்னர் தெரிந்ததை நினைக்கும்போது எனக்குக் குட்ரிக் மீது மரியாதை இன்னும் கூடுகிறது. மறைப்பும் இருந்து புள்ளியும் இருக்கும் இரட்டைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தெடுப்பதற்கு நெடுங்காலம் ஆனது. ஏ.ஆர். லாசெர்டே என்ற இரட்டையின் ஒளியில் புள்ளிகளின் தடம் தெரிவதாக ஜெரால்ட் கிரோன் சொன்னது 1947இல்.

எப்படிப் பிரிக்கிறார்கள்? மறைப்பு கடிகாரம்போல: சட்டென இறங்கும், சட்டென ஏறும், ஆண்டுக்கணக்கில் அதே வடிவம். புள்ளியால் வரும் மங்கல் மெதுவான அலை. சில மாதங்களில் அதன் ஆழமும் இடமும் மாறிவிடும். இதைக் கண்காணிக்கப் பெரிய கருவி தேவையில்லை, பொறுமை தேவை. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தில் 1980களில் சிறிய தொலைநோக்கிகளைக் கொண்டு எச்.ஆர். 1099 உட்பட இந்தக் குடும்பத்து விண்மீன்களின் ஒளியை ஆண்டாண்டாக அளந்திருக்கிறார்கள்.

ஒளிவளைவு எதைச் சொல்லும்? புள்ளி எந்தத் தீர்க்கக்கோட்டில், அதாவது சுற்றுவட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நன்றாகச் சொல்லும். மேலே இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று சொல்வதில் தடுமாறும். சின்னக் கறுப்புப் புள்ளியா, பெரிய சாம்பல் புள்ளியா என்பதிலும் தடுமாறும். அதற்கு இரண்டாவது கேள்வி வேண்டும்.

இரண்டாவது கேள்வி: என்ன நிறத்தில்?

சைதாப்பேட்டை நடைமேடையில் நிற்காமல் போகும் விரைவு ரயிலின் ஊதல், நம்மை நெருங்கும்போது உச்சமாகவும் கடந்தபின் தணிந்தும் ஒலிக்கும். டாப்ளர் விளைவு என்பது இதுதான்: வருகின்ற மூலத்தின் அலைகள் நெருங்குகின்றன, போகின்ற மூலத்தின் அலைகள் விலகுகின்றன. 1842இல் கிறிஸ்டியான் டாப்ளர் சொன்னதை 1845இல் நெதர்லாந்தில் ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றி ஊதவைத்துச் சோதித்தார்கள். ஒளிக்கும் இதே விதி. நம்மை நோக்கி வரும் ஒளி இம்மியளவு நீலத்தின் பக்கம் நகரும். விலகும் ஒளி சிவப்பின் பக்கம்.

தீவுத்திடல் பொருட்காட்சியில் ஒரு குடை ராட்டினத்தைக் கற்பனை செய்யுங்கள். குதிரைகளில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரே மாதிரியான பீப்பியை விடாமல் ஊதுகிறது. ராட்டினத்தின் நடுவே கனமான தடுப்பு. அதனால் உங்கள் பக்கமுள்ள பாதிவட்டத்தின் ஒலி மட்டும் உங்களுக்கு வருகிறது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு விளிம்பில் இருக்கும் குழந்தை உங்களை நோக்கி வருகிறது, அதன் சுருதி சற்று உயர்வு. நேர்முன்னால் இருக்கும் குழந்தை வரவும் இல்லை, போகவும் இல்லை, சுருதி அப்படியே. மறுவிளிம்பில் இருப்பது விலகுகிறது, சுருதி தணிவு. ஒரே சுருதி கேட்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டை முழுக்கச் சுருதிகள்.

இப்போது ஒரே ஒரு குழந்தை ஊதுவதை நிறுத்திவிடுகிறது. அந்தப் பட்டையில் ஓர் இடைவெளி விழும். ராட்டினம் சுழலச் சுழல, இடைவெளி உயர்சுருதிப் பக்கத்திலிருந்து தாழ்சுருதிப் பக்கத்துக்கு நகரும். கண்ணைத் திறக்காமலேயே, பேசாமல் இருக்கும் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உங்களால் விரல் நீட்டிக் காட்டமுடியும்.

விண்மீன்தான் ராட்டினம். புள்ளிதான் அந்தப் பிள்ளை.

இருட்டுக்குள் ஒரு மேடு

ராட்டினத்தில் எல்லோரும் ஒரே சுருதியில் ஊதினார்கள். விண்மீனோ எல்லா நிறத்திலும் ஒளிர்கிறது. அப்படியானால் எதை அடையாளமாகப் பிடிப்பது?

விண்மீன் ஒளியை நிறங்களாக விரித்தால் வருவது நிறமாலை. அதில் ஆங்காங்கே மெல்லிய இருண்ட கோடுகள் குறுக்கே ஓடும். விண்மீனின் வளிமண்டலத்தில் இருக்கும் இரும்பு, கால்சியம் போன்ற அணுக்கள் தங்களுக்குரிய நிறத்தை மட்டும் விழுங்கிவிடுவதால் வரும் தடங்கள் இவை. இவற்றை இருள்கோடுகள் என்போம். ஒவ்வொரு கோட்டுக்கும் நிலையான இடம் உண்டு. எனவே இதுதான் நம் பீப்பி.

விண்மீன் சுழலாமல் இருந்தால் கோடு மெல்லியதாக இருக்கும். சுழன்றால் ஒரு விளிம்பின் கோடு நீலப் பக்கம், மறுவிளிம்பின் கோடு சிவப்புப் பக்கம் என்று விரிந்து அகலமான பள்ளமாகிவிடும். எச்.ஆர். 1099இன் விளிம்பு நம் பார்வைக் கோட்டில் நொடிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது அல்லது போகிறது. ஒளியின் வேகத்தில் அது 7,500இல் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய நகர்வையும் இன்றைய நிறமாலைமானிகள் சுலபமாக அளந்துவிடும்.

அடுத்து வருவதைச் சற்று நிதானமாக வாசியுங்கள். நானே முதலில் இங்கேதான் வழுக்கினேன். கரும்புள்ளி இருந்தால் இருள்கோடு அந்த இடத்தில் இன்னும் ஆழமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு: பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு எழுகிறது.

விண்மீனின் வட்ட முகத்தை, சுழல் அச்சுக்கு இணையாகச் செங்குத்துப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டையில் உள்ள எல்லா இடங்களும் நம்மை நோக்கி ஒரே வேகத்தில் நகர்கின்றன. ஒவ்வொரு பட்டையும் தன் பங்கு வெளிச்சத்தைக் கொண்டுவருகிறது. கூடவே தன் பங்கு இருட்டையும், அதாவது தனக்குரிய இடத்தில் ஒரு மெல்லிய இருள்கோட்டையும் கொண்டுவருகிறது. அகலமான பள்ளம் என்பது இந்தச் சின்னச் சின்ன இருட்டுகளின் கூட்டுத்தொகை. ஒரு பட்டையில் கரும்புள்ளி வந்துவிட்டால் அது தரும் வெளிச்சம் குறைகிறது. அதனால் அது தரும் இருட்டும் குறைகிறது. வெளிச்சத்தின் குறைவு எல்லா நிறங்களிலும் சமமாகப் பரவிவிடும். இருட்டின் குறைவோ அந்தப் பட்டைக்குரிய ஒரே இடத்தில் விழும். அங்கே பள்ளம் தூர்ந்து மேடாகத் தெரிகிறது.

விண்மீன் சுழலும்போது மேடு பள்ளத்தின் நீல ஓரத்தில் தோன்றி, நடுவைக் கடந்து, சிவப்பு ஓரத்தில் மறையும். நடுக்கோட்டருகே இருக்கும் புள்ளி என்றால் மேடு பள்ளத்தின் முழு அகலத்தையும் விரைவாகக் கடக்கும். மேலே துருவத்துக்கு அருகில் இருந்தால் நடுவை விட்டு அதிகம் விலகாமல் அசையும், நெடுநேரம் தெரியும். துருவத்திலேயே உட்கார்ந்திருந்தால் அசையவே அசையாது. பள்ளத்தின் அடி தட்டையாகிவிடும். ஒளிவளைவு சொல்லாமல் விட்ட உயரம் இங்கே கிடைத்துவிட்டது.

இந்த முறைக்குப் பெயர் டாப்ளர் படமாக்கல். குளிர்ந்த விண்மீன்களின் புள்ளிகளுக்கு இதைச் செய்து காட்டியவர்கள் ஸ்டீவன் வோக்ட், டொனால்ட் பென்ராட், ஆண்டு 1983, எடுத்துக்கொண்ட விண்மீன் நம் எச்.ஆர். 1099தான்.

புள்ளியையும் டாப்ளர் விளைவையும் சேர்த்துப் பார்ப்பதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆய்வுப் பணி 1899இல் கொடைக்கானலுக்கு நகர்ந்தது. அந்த மலையில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியின் ஓரத்தில் இருள்கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கவனித்தார். புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்பது அதன் பொருள். இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் அது 'எவர்ஷெட் விளைவு'.

துண்டுகளிலிருந்து முழு முகம்

ஓர் இரவு எடுத்த நிறமாலை ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் பட்டைபட்டையாகக் கூட்டிச் சுருக்கியே காட்டும். ஒரு புள்ளிக் கோலத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு நிரலிலும் எத்தனை புள்ளி என்று மட்டும் யாரோ வாசிக்கக் கேட்பதுபோல. ஒரு திசையிலிருந்து கேட்டால் கோலம் பிடிபடாது. கோலத்தைச் சற்றுச் சற்றாகத் திருப்பி, பல திசைகளிலிருந்தும் எண்ணிச் சொன்னால் மெல்ல உருவம் கூடும். மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் கருவி உடலைச் சுற்றிவந்து செய்வதும் இதே கணக்குதான். இங்கே கருவி சுற்றவேண்டாம், விண்மீனே சுழன்று காட்டுகிறது.

எச்.ஆர். 1099இன் சுற்றுக்காலம் 2.84 நாட்கள் என்பதில் ஒரு சங்கடமும் ஒரு வசதியும் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் மூன்று இரவுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே முகம் திரும்பிவிடும், 20 டிகிரி மட்டும் தள்ளி. விடாமல் 17 இரவுகள் பார்த்தால் விண்மீன் ஆறு சுற்று முடித்திருக்கும். நம்மிடம் சீராக இடைவெளிவிட்ட 17 முகங்கள் சேர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 17 தெளிந்த இரவுகளா என்று சென்னைவாசிகள் கேட்பது நியாயம். அதனால்தான் வேறு வேறு நாடுகளில் இருக்கும் தொலைநோக்கிகள் கைகோத்துக்கொள்கின்றன.

இரட்டையாக இருப்பதால் வரும் கூடுதல் வேலையும் உண்டு. துணையைச் சுற்றுவதால் இருள்கோடு முழுவதுமே அங்குமிங்கும் ஊசலாடும். ராட்டினத்தையே லாரியில் ஏற்றி ஓட்டுவதுபோல. அதைக் கழிக்கவேண்டும். துணையின் கோடுகள் குறுக்கே வந்தால் அவற்றையும் பிரிக்கவேண்டும்.

இதற்குப் பிறகும் ஒரு நேர்மையான சிக்கல் மிஞ்சுகிறது. அதே அளவுகளைத் தரக்கூடிய வரைபடம் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். கணினி அவற்றில் எதைத் தேர்வது? பின்பற்றும் விதி இதுதான்: அளவீடு வற்புறுத்தாத எதையும் வரையாதே. பொருந்துகிற வரைபடங்களில் மிக எளிமையானதை எடுத்துக்கொள். எனவே வரைபடத்தில் ஒரு பெரிய திட்டு தெரிந்தால், அது உண்மையில் சிறு புள்ளிகளின் கூட்டமாகவும் இருக்கலாம். ஓரங்கள் மழுங்கலாக இருப்பது விண்மீனின் குணமாக இல்லாமல் முறையின் குணமாக இருக்கலாம். செய்தியில் வரும் படங்களின் கீழே இந்த ஒரு வரியைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: ஒளிவளைவு பக்கத்தைச் சொல்கிறது, இருள்கோட்டின் மேடு உயரத்தைச் சொல்கிறது, சுழற்சி பல கோணங்களைத் தருகிறது, கணினி எளிய முகத்தைத் தேர்கிறது.

துருவத்தில் தொப்பியா?

முதல் வரைபடங்களிலேயே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சூரியனில் புள்ளிகள் நடுக்கோட்டின் இருபுறமும் 40 டிகிரிக்குள்தான் பெரும்பாலும் வரும், துருவத்தில் வருவதில்லை. இந்த இரட்டை விண்மீன்களிலோ துருவத்தின் மேலேயே பெரிய தொப்பிபோல் புள்ளி. நம்பச் சிலர் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயம் இருந்தது: துருவப் புள்ளியின் அடையாளம் இருள்கோட்டின் தட்டையான அடி மட்டுமே. அது அசைவதில்லை. அசையாத ஒன்றை வேறு காரணங்களும் உண்டாக்கலாமே?

வாதத்தைத் தீர்க்க வேறொரு கண் தேவைப்பட்டது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் ஆறு சிறிய தொலைநோக்கிகளை 330 மீட்டர் வரை தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின் ஒளியை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் 'சாரா' என்ற அமைப்பு இருக்கிறது. இப்படிச் சேர்த்தால் நுணுக்கத்தைப் பொறுத்தவரை அது 330 மீட்டர் அகலக் கண்ணாடிக்குச் சமம். குறுக்கீட்டுமானி என்பது இதுதான். இதைக்கொண்டு 'சீட்டா ஆண்ட்ரோமெடே' என்ற செயலூக்கமுள்ள இரட்டையின் பெரிய விண்மீனை 2011லும் 2013லும் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்தப் படங்களில் துருவத்துப் புள்ளி இருந்தது. டாப்ளர் விளைவைத் துணைக்கு அழைக்காமலே இருந்தது. மற்ற புள்ளிகளோ நம் சூரியனில்போல் நடுக்கோட்டின் இருபுறமும் ஒழுங்காக அமையாமல் தாறுமாறாகக் கிடந்தன.

துருவத்துக்கு ஏன் போகிறது? வேகமாகச் சுழலும் விண்மீனுக்குள்ளிருந்து மேலெழும் காந்தக் கட்டுகளைச் சுழற்சியே அச்சை ஒட்டித் திருப்பிவிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அளவைப் பொறுத்தவரை எனக்குப் பிரமிப்பூட்டுவது 'எக்ஸ்.எக்ஸ். டிரையாங்குலி' என்ற இரட்டை. 1999இல் வெளியான அதன் வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளி, சூரியனின் மிகப்பெரிய புள்ளிக்கூட்டத்தைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு பரப்புடையது. நம் சூரியனையே அதற்குள் பல தடவை வைக்கலாம்.

கீழே ஏன் வெறுமை?

ஒரு வாரம் கழித்து அக்கா மகள் மீண்டும் அந்தப் படத்தைத் திறந்தாள். கூடவே அதே விண்மீனின் விரித்த வரைபடமும் இருந்தது, உலக வரைபடம்போல் செவ்வகமாக. இந்த முறை தொப்பியைப் பற்றிக் கேட்கவில்லை. செவ்வகத்தின் அடியில், தெற்குத் துருவத்தை ஒட்டி அகலமாக ஒரு பட்டை எதுவும் வரையாமல் விடப்பட்டிருந்தது. விரலை அங்கே வைத்தாள்.

"இங்கே புள்ளியே கிடையாதா மாமா?"

பதில் சொல்லாமல் விளக்குக்கூட்டை எடுத்துவந்து மறுபடி கொடியில் கட்டினேன். அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணியில் நாலு படி ஏறி நிற்கச் சொன்னேன். அங்கிருந்து பார்த்தால் கூட்டின் உச்சி அவளை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரு கறுப்புக் காகிதத்தை யாருக்கும் தெரியாமல் அடிப்பக்கத்தில் ஒட்டி, நூலை முறுக்கி விட்டேன். கூடு ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுழன்றது.

"மங்குகிறதா?"

"இல்லையே. ஒன்றும் ஒட்டவில்லையா?"

இறங்கி வந்து, குனிந்து, அடியில் பார்த்தாள். பிறகு என்னை ஏணியில் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தைப் பிய்த்து, விரற்கடை விரற்கடையாக மேலே நகர்த்தி நகர்த்தி ஒட்டத் தொடங்கினாள். எந்த இடத்துக்கு வந்ததும் எனக்குத் தெரியத் தொடங்குகிறது என்று அவளுக்குக் குறித்துவைக்க வேண்டுமாம்.